பைக்காரர்களின் சொந்த மெஷின்

செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டரம்மாவின் தலையில் பாதிக்குச் சாயம் பூசி முடித்திருந்த நேரத்தில் பார்லர்க்காவின் கைபேசி அதிர ஆரம்பித்தது. ஒரு தடவை அதிர்ந்து அடங்கவில்லை. கண்ணாடி மேடையில் சீப்புகளையும் கிளிப்புகளையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. இரண்டு கையுறையிலும் சாயம். அவள் முழங்கையால் அதைத் தடுத்து நிறுத்திவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, குழுவைக் காணோம்." "அக்கா, என்னை மட்டும் தூக்கிட்டாங்களா, எல்லாருக்கும் இப்படித்தானா?" "அக்கா, இருக்கீங்களா?"

"வீட்லேருந்தா? அவசரம்னா பேசுங்களேன்," என்றார் பல் டாக்டரம்மா.

"பாதித் தலையோட உங்களை உக்கார வெச்சுட்டு எங்கங்க பேசறது," என்று சிரித்துவிட்டு மீதிப் பாதியையும் நிதானமாகப் பூசி முடித்தாள். தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னறைக்குப் போய்த் திறந்து பார்த்தாள். குழு இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி. அருவருப்பூட்டும் படங்கள் வெளியிட்டதால் உங்கள் குழு நிரந்தரமாக நீக்கப்பட்டது.

அந்தக் குழுவின் பெயர் 'பையோடு வாழ்கிறோம்'. புற்று, புண், விபத்து என்று ஏதோ ஒன்றால் குடலை வெட்டவேண்டி வந்தவர்களுக்கு, டாக்டர்கள் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு வாய் வைத்துக் குடலை அதன் வழியே வெளியே விட்டுவிடுவார்கள். அந்த வாய்மேல் ஒரு பையை ஒட்டிக்கொண்டு மீதி வாழ்க்கையை வாழவேண்டும். பார்லர்க்காவுக்கு அந்த அறுவை நடந்து எட்டு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது மாதம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பை கசிந்துவிடுமோ என்று மூன்று துண்டுகளை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்று முடி வெட்டியிருக்கிறாள். கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் ஒருநாள் அந்தப் பெரிய கம்பெனியின் ஆப்பில் குழுவைத் தொடங்கினாள். முதல் மாதம் நாலு பேர். ஏழு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.

பஸ்ஸில் பை பிய்த்துக்கொண்டால் என்ன செய்வது, பையைச் சுற்றித் தோல் வெந்துபோனால் எதைத் தடவுவது, கட்டிக்கொள்ளப்போகிறவனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று எல்லாம் அங்கே இருந்தது. கேள்வியும் அதன் கீழே இருபது முப்பது பதிலுமாக ஏழு வருடத்துச் சேமிப்பு. பார்லர்க்கா என்ற பெயரும் அங்கே வைத்ததுதான். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வினை வந்தது ஒரு படத்தால். அறுவை முடிந்து பன்னிரண்டே நாளான ஒரு பெண், பையை மாற்றும்போது தன் வயிற்றைப் படமெடுத்துப் போட்டு, "இது இப்படித்தான் இருக்குமா? பயமா இருக்கு," என்று கேட்டிருந்தாள். நாற்பது பேர் பதில் சொல்லி அவளைத் தேற்றியிருந்தார்கள். ஆளில்லாமல் படங்களைச் சலிக்கும் கம்பெனியின் மெஷின் கண்ணுக்குத் தெரிந்ததோ சிவந்த சதை மட்டும்.

மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. பார்லர்க்கா அதை அழுத்தி, இது நோயாளிகளின் குழு, இந்தப் படம் இல்லாவிட்டால் எங்களுக்கு வைத்தியம் இல்லை என்று விவரமாக எழுதினாள். தரையில் கிடந்த முடியைக் கூட்டி முறத்தில் அள்ளுவதற்குள் பதில் வந்துவிட்டது. மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை. அவள் எழுதியது இருபத்தைந்து வரி. அதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு அந்த வேகமே சாட்சி. திரும்ப எழுதினாள். நாலு தடவை எழுதினாள். ஐந்தாவது தடவை பொத்தானையே காணோம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிறவர். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார்.

"போனா போகுதுன்னு விடேன். ஏழு வருஷமா சம்பளமில்லாத உத்தியோகம். இனிமேலாவது நிம்மதியா இரு."

"உங்களுக்குப் பை இல்ல. அதனால போனா போகுது."

வாதத்தில் தோற்றுவிட்டால் அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். அதைக் கேட்டார்.

"சரி. நான் என்ன செய்யணும்?"

"இப்ப தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

மறுநாளே அதே இடத்தில் வேறு பெயரில் ஒரு குழுவைத் திறந்தார்கள். லாரி அண்ணன்தான் முன்னின்று முந்நூறு பேரைக் கூட்டி வந்தார். சரக்கு லாரி ஓட்டுகிறவர், குழுவின் முதல் நாலு பேரில் ஒருவர். எந்த அழுமூஞ்சியையும் இரண்டே வரியில் சிரிக்க வைத்துவிடுவார். ஒன்பதாவது நாள் அந்தக் குழுவும் போயிற்று. கூடவே பார்லர்க்காவின் சொந்தக் கணக்கையும் முப்பது நாளைக்குப் பூட்டிவிட்டார்கள். கைபேசி எண்ணை வைத்து அரட்டைக் குழு ஆரம்பிக்கலாம் என்றார் ஒருவர். அதையும் செய்து பார்த்தார்கள். அதில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்தது. குழுவுக்குள் எப்படியோ நுழைந்த ஒருவன் ஒரு காலேஜ் டீச்சரைக் கூப்பிட்டு, பைக்குள்ள என்னங்க இருக்கு என்று கேட்டுச் சிரித்தான். அந்த டீச்சர் அன்றோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டார். அதை நினைத்தால் பார்லர்க்காவுக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கும்.

அப்போதுதான் கேபிளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, உங்க பார்லர்ல இன்டர்நெட் லைன் இருக்கா?"

கேபிள் என்பவள் அலுவலகங்களின் கூரைத் தகடுகளுக்குமேல் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெண். பை வைத்து நாலு வருடம். கருவிகள் தொங்கும் கனமான பெல்ட்டைப் பைமேல் படாமல் எப்படிக் கட்டுவது என்று அவள் கேட்டதும், ஆறு பேர் ஆறு விதமாகப் படம் போட்டுக் காட்டியதும் பழைய குழுவில்தான். பார்லருக்கு விடுமுறையான திங்கட்கிழமை காலை, அதே பெல்ட்டோடு வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நம்ம கம்ப்யூட்டர்ல நம்ம குழுவை நாமளே நடத்துவோம்க்கா. எவனும் வந்து இழுத்துச் சாத்த முடியாது."

"அப்புறம் நாம மட்டும் ஒரு மூலையில உக்காந்து பேசிக்கிறதா? புதுசா ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாம இருக்கிறதே தெரியாம போயிடுமே."

"மூலை இல்லக்கா. இதே மாதிரி சின்னச் சின்ன மெஷின் ஆயிரக்கணக்குல இருக்கு. பறவை பார்க்கிறவங்க ஒன்னு வெச்சிருக்காங்க, லைப்ரரிக்காரங்க ஒன்னு, பஸ்காரங்க ஒன்னு. ஒவ்வொன்னையும் அவங்கவங்களே நடத்திக்கிறாங்க. ஆனா எல்லாம் ஒன்னோட ஒன்னு பேசும். அங்க இருக்கிற ஆள் இங்க எழுதறதைப் படிக்கலாம், பதில் போடலாம். ஈமெயில் எந்தக் கம்பெனிலேருந்தும் எந்தக் கம்பெனிக்கும் போகுதுல்ல, அந்த மாதிரி."

"மெஷின் படுத்துக்கிச்சுன்னா?"

"நாமதான் ஓடணும்."

"எவனாவது வந்து கண்டதையும் எழுதினா?"

"நாமதான் தூக்கணும். அவன்கிட்ட திட்டும் வாங்கணும்."

பார்லர்க்கா கண்ணாடியில் தெரிந்த அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "திட்டு இப்பவும் நான்தானே வாங்கறேன். கையில அதிகாரம்தான் இல்ல. எங்க வைக்கணும்னு சொல்லு."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "தெரிஞ்சுடுச்சு. பின்னறையில தனி லைன் வேணும்," என்றாள். அவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கேபிள் கேட்டு வாங்கி வந்தாள். பின்னறையில் துண்டு அலமாரிக்கும் வெந்நீர் பாய்லருக்கும் நடுவில் வைத்தார்கள். இரண்டே நாளில் ஆவி பட்டு அணைந்துபோயிற்று. வீட்டுக்காரர் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்குமேல் ஒரு பலகை அடித்து, மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரியும் வைத்துக் கொடுத்தார். மூன்று திங்கட்கிழமைகள் அந்த வேலையிலேயே போயின. இரண்டாவது திங்கட்கிழமை எழுத்து மற்ற மெஷின்களுக்குப் போய்ச் சேர்ந்தது, படம் போய்ச் சேரவில்லை. கேபிள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உன் தலைமுடியைப் பிச்சுக்காதே, அப்புறம் அதுக்கும் நான்தான் வேலை பார்க்கணும்," என்றாள் பார்லர்க்கா.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் சுத்த சூனியம். அதை ஒளிக்கவும் இல்லை. கேபிள் சொல்லச் சொல்ல, வாடிக்கையாளர்களுக்கு நேரம் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எதை அழுத்தினால் எது வரும், சிவப்பு எழுத்து வந்தால் எதைத் தொடக்கூடாது. தினமும் காலையில் கடை திறக்குமுன் முழுக்குழுவையும் ஒரு சின்ன டிஸ்கில் நகல் எடுத்துக் கைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடவேண்டும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டாள். ஏழு வருடம் ஒரே நாளில் போனதைப் பார்த்தவள். அந்த வேலையை ஒருநாளும் யாரிடமும் விடவில்லை.

சட்டதிட்டங்களையும் அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். உடம்பின் படம் போடலாம், அதற்கு வெட்கப்படவேண்டாம். யாருடைய நிஜப்பெயரையும் கேட்கக்கூடாது. மருந்து விற்கக்கூடாது. ஒருவருடைய பாஸ்வேர்டை இன்னொருவர் வைத்துக்கொள்ளக்கூடாது. ஒருவரை வெளியேற்றினால், வெளியேற்றியவர் ஏன் என்று தன் பெயரில் எல்லார் முன்னாலும் எழுதவேண்டும். கடைசி விதியைப் பார்லர்க்கா தானே சொல்லிச் சேர்த்தாள்.

இனி ஆட்களைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் அவள் கையில் எண் இருந்தது அறுபத்து மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. பை விற்கும் மருந்துக்கடைக்காரரிடம் போய், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வைக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை எப்பவோ செஞ்சிருக்கணும்மா," என்று ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சுவரில் ஒட்டக்கூடாது என்றார்கள். சரி என்று, புதன்கிழமை தோறும் பார்லரை அரைநாள் பூட்டிவிட்டு, அறுவை முடிந்தவர்கள் வந்து காத்திருக்கும் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அங்கே யாரிடமும் சீட்டை முதலில் நீட்டமாட்டாள். வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து நடந்து வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "எனக்கும் இருக்கு. எட்டு வருஷம்," என்பாள். நம்பாதவர்களுக்குச் சட்டை ஓரத்தைத் தூக்கிக் காட்டுவாள். தினமும் பத்துப் பதினைந்து பேருக்கு நின்றபடி முடி வெட்டுகிறேன் என்பாள். அதற்குப்பிறகுதான் சீட்டு. ஒரு புதன்கிழமை ஒரு பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி டாக்டர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார்.

பார்லர் கண்ணாடியிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். இத்தனை வருடம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் காத்த விஷயம் அன்றோடு வெளியே வந்துவிட்டது. ஒருத்தி அதன்பிறகு வரவில்லை. பல் டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "எனக்கு நாலு சீட்டு கொடுங்க. கிளினிக்ல வைக்கிறேன்," என்றார். அத்தோடு சரி, பேச்சு வழக்கம்போலச் சாயத்துக்குத் திரும்பிவிட்டது.

லாரி அண்ணன் மட்டும் மசியவில்லை. போனில் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, இருக்கிற பாஸ்வேர்டே எனக்கு ஞாபகம் நிக்கல. புதுசா இன்னொன்னா? என் அண்ணன் பசங்க, கூட ஓட்டுற டிரைவருங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. நான் அங்கேயே ஒரு குழு ஆரம்பிச்சுட்டேன். போட்டோ மட்டும் கூடாதுன்னு விதி போட்டுட்டேன். கம்பெனிக்காரன் வாலாட்ட மாட்டான்."

"போட்டோ இல்லாம எப்படிண்ணே? புண்ணைப் பார்க்காம என்னன்னு சொல்றது?"

"வாயால சொல்லட்டுமே. நமக்குத்தான் வாய் ரெண்டு இருக்கே."

சிரிப்பை அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். போனை வைத்தபிறகு இரண்டு நாளைக்குக் கோபம் தீரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் அண்ணனின் குழுவில் நானூறு பேர், பின்னறை மெஷினில் தொண்ணூற்றேழு. "பரவாயில்ல. தொண்ணூத்தேழு பேருக்கும் பயமில்லாம படம் போட ஒரு இடம் இருக்கு," என்றாள் கேபிளிடம். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு இடி. ஒருநாள் மத்தியானம் கேபிள் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "அக்கா, பஸ்காரங்க மெஷின் நம்மளத் துண்டிச்சுட்டாங்க. நாம எழுதறது எதுவும் அங்க போகாது. அதுல எட்டாயிரம் பேர் இருக்காங்கக்கா. இங்கயும் அதே கதைதானா?"

"துண்டிச்சது யாரு? மெஷினா, மனுஷனா?"

"மனுஷன்தான். அதை நடத்துறவர் ஏதோ ஒரு டிப்போவுல டைம்கீப்பராம்."

"மனுஷன்னா எழுதிப் பார்க்கலாம். விலாசம் கொடு."

இந்த முறை அவள் இருபத்தைந்து வரி எழுதவில்லை. நாங்கள் இன்னார், எங்களை ஏன் வெட்டினீர்கள், காரணம் சொன்னால் திருத்திக்கொள்கிறோம் என்று மூன்றே வரி. எழுதிவிட்டு ஒரு குழந்தைக்கு முடி வெட்டப் போனாள். அது முடியுமுன் பதில் வந்திருந்தது.

"வணக்கம்மா. வெட்டினது நான்தான். எங்க கண்டக்டர் ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டே போனைத் திறந்திருக்கார், உங்க படம் நேரா கண்ணு முன்னால வந்து நின்னுடுச்சு. அன்னைக்குச் சாப்பாடே இறங்கலைன்னு என்கிட்ட வந்து கத்தினார். உங்க குழு என்னன்னு நான் விசாரிக்கல, அது என் தப்பு. படத்துக்கு முன்னால ஒரு மறைப்பு வெச்சு, மேல 'வயிற்று ஆபரேஷன் படம்'னு எழுதிடுங்க. பார்க்கணும்கிறவங்க தொட்டுப் பார்க்கட்டும். நீங்க சரின்னு சொன்னா இப்பவே திறந்துடறேன். எங்க ஆளுங்கள்லயும் ரெண்டு பேருக்குப் பை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பார்லர்க்கா அதை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தாள். கேட்டது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் ஒருத்தர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். தன் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். நாற்காலியிலிருந்த குழந்தையின் அம்மா, "என்னங்க, கெட்ட செய்தியா?" என்று கேட்டாள். "இல்லைங்க. ஒருத்தர் பதில் போட்டிருக்கார்," என்றாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அன்றே கேபிள் எல்லாப் படத்துக்கும் மறைப்பு வரும்படி மாற்றினாள். சாயங்காலத்துக்குள் இணைப்பும் திரும்ப வந்துவிட்டது.

அது நடந்து ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பார்லரில் கூட்டம் தொடங்காத நேரம். 'வழிப்போக்கன்' என்ற புதுப்பெயரில் ஒருவர் சேர்ந்து ஒரு படம் போட்டிருந்தார். கீழே, "ரெண்டு நாளா இப்படி வீங்கிக்கிட்டு இருக்கு. விடிஞ்சதுலேருந்து பையில ஒன்னும் வரல. வலி இருக்கு. வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், பொழுது சாயறதுக்குள்ள சரக்கை இறக்கணும். பெரிசா ஒன்னும் இல்லையே?" என்று இருந்தது.

பார்லர்க்கா மறைப்பைத் தொட்டாள். தொட்டதும் இரண்டு விஷயம் ஒன்றாகத் தெரிந்தன. சிவப்பாக இருக்கவேண்டிய குடல்வாய் வெளியே தள்ளிக் கறுத்துப்போயிருந்தது. அந்த வயிறு யாருடையது என்பதும் தெரிந்தது. ரேடியேட்டர் தண்ணீர் தெறித்து வெந்த பழைய தழும்பு, பெல்ட் அழுத்தி அழுத்தி விழுந்த இரட்டை மடிப்பு. ஏழு வருடமாகப் பார்த்த வயிறு.

பெயரைச் சொல்லவில்லை. விதி விதிதான். உடனே எழுதினாள். "வண்டியை இப்பவே ஓரங்கட்டுங்க. இது கறுத்துடுச்சு, ரத்தம் ஓடலைன்னு அர்த்தம். சரக்கு கிடக்கட்டும். ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீங்க, பெரிய ஆஸ்பத்திரி போகணும். எங்க இருக்கீங்க?"

இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கின் பெயர் வந்தது. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று அவள் எல்லாரையும் கேட்டாள். பதில் வந்தது பின்னறை மெஷினில் இருக்கிறவர்களிடமிருந்து அல்ல, பஸ்காரர்கள் மெஷினிலிருந்து. அங்கே ஒரு கண்டக்டரின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்குப் பை வைத்ததிலிருந்து இவர்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கிறவர். "அந்தப் பங்குக்கும் எங்க ஆஸ்பத்திரிக்கும் இருபது நிமிஷம்தான். வண்டி அனுப்பறேன். அவரை ஓட்ட விடாதீங்க. தண்ணிகூடக் குடிக்க வேணாம்னு சொல்லுங்க. நான் வாசல்ல நிக்கிறேன்," என்று எழுதியிருந்தார்.

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கனமான சரக்கைத் தூக்கித் தூக்கி வயிற்றுச்சுவர் விட்டுப்போய், குடல் வெளியே தள்ளி நெறித்துக்கொண்டுவிட்டதாம். ஒரு சாண் குடலை வெட்டவேண்டி வந்தது. அன்று பார்லர்க்கா ஏழு பேருக்கு முடி வெட்டினாள். ஒவ்வொருவருக்கும் நடுவில் பின்னறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றரை மணிக்கு நர்ஸம்மா எழுதினார். "பிழைச்சுட்டார். முழிச்சதும் முதல்ல லாரியைத்தான் கேட்டார்."

அடுத்த திங்கட்கிழமை நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் அவரைப் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலில், முகம் வற்றிக் கிடந்தார். அவளைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"படுங்கண்ணே, படுங்க."

"நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் பேரே சொல்லலையே."

"முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். வயிறு ஏழு வருஷப் பழக்கம்."

சிரிக்கப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல என் குழுவுலதான் கேட்டேன். நிறம் கொஞ்சம் மாறியிருக்குன்னு எழுதினேன். ஒருத்தர் வெந்நீர் ஒத்தடம் கொடுன்னார். இருபது பேர் அதுக்கு லைக் போட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் சொன்னதை வெச்சு அவங்களும் என்னத்தைச் சொல்வாங்க."

அவள் தலையணையைச் சரிசெய்து வைத்தாள்.

"ஆனா ஒன்னு தங்கச்சி. அங்கேருந்து முழுசா வந்துடுவேன்னு நினைக்காதே. அண்ணன் பசங்க படத்தையெல்லாம் நான் எங்க போய்ப் பார்ப்பேன்? உன் விலாசத்தை அங்க எழுதிப் போடறேன். வர்றவங்க வரட்டும்."

"போடுங்கண்ணே. அது போதும். ஆனா இங்கயும் இருக்கணும். நீங்க இல்லாம எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்க, சிரிக்க வைக்க ஆளில்ல."

"பாஸ்வேர்டை நீ எழுதி வெச்சுக்கோ."

"அது மட்டும் முடியாது. விதி."

அவர் சொன்னபடி செய்தார். நானூறு பேரில் நூற்றைம்பது பேர் வந்தார்கள். மீதிப்பேர் அங்கேயே இருக்கிறார்கள், போட்டோ இல்லாமல். மருந்துக்கடைச் சீட்டாலும் புதன்கிழமை பெஞ்சாலும் இன்னும் வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் அறுநூறைத் தொட்டது. பழைய கணக்கில் பாதிதான். பழைய குழுவின் ஏழு வருடத்துப் பதில்களும் போனது போனதுதான். ஞாபகம் இருந்தவர்கள் ஞாபகம் இருந்தவரை திரும்ப எழுதினார்கள்.

நடுவில் ஒரு தடவை, குடல்வாயை மூடவைக்கும் பொடி என்று விற்கவந்த ஒருவனைப் பார்லர்க்கா வெளியேற்றினாள். காரணத்தைத் தன் பெயரில் எழுதினாள். நீயும் அந்தக் கம்பெனியும் ஒன்றுதான் என்று அவன் வேறு மெஷினிலிருந்து நாலு நாள் திட்டினான். அந்த நாலு நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எழுதியதை அவள் அழிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

அப்புறம் ஒருநாள் நர்ஸம்மா போன் செய்தார். வழக்கமான குசல விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது. அறுநூறு பேரும் உங்க ஒரு பலகையை நம்பி இருக்கோம். நாளைக்கு உங்க கடையில தண்ணி புகுந்தா? உங்களுக்கே முடியாம போனா? எங்க பக்கத்துல நூத்தி இருபது பேர் இருக்கோம். நாங்களே ஒன்னு வெச்சுக்கலாம்னு பேசிக்கிட்டோம். டைம்கீப்பர் சார் உதவி பண்றேன்னு சொல்லியிருக்கார்."

பார்லர்க்காவுக்குச் சுருக்கென்றது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சேர்த்த ஆட்கள். "யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, நூத்தி இருபது பேர் போறாங்கன்னு வருத்தமா?"

"ஆமா."

"வேணாம்னு சொல்லிடப் போறியா?"

"சொல்லலாம். பூட்டை நான் போட்டா அவங்களால என்ன செய்ய முடியும்?" சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே என்னவோபோல் இருந்தது. கொஞ்சநேரம் கழித்து, "அவ சொல்றது நியாயம்தான்," என்றாள். "நான் ஒருத்தி படுத்துட்டா எல்லாரும் திரும்ப நடுத்தெருவுலதானே நிக்கணும்?"

வீட்டுக்காரர், "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார்.

"ஒன்னும் வேணாம். இதை நானே செஞ்சுக்கறேன்."

கேபிள் பக்கத்தில் நின்று பார்க்க, இடம் மாறும் வேலையை அவளே செய்தாள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் பழகின ஆட்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். யாரிடமும் கேட்டு நிற்கவேண்டியதில்லை. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்ததையெல்லாம் சுத்தமாகப் படியெடுத்து நர்ஸம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள். அடிக்கோட்டையும் மறக்காமல் போட்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் புது மெஷினிலிருந்து ஒரு கேள்வி வந்து நின்றது. யாரோ ஒரு பெண். "பையோட நீச்சலடிக்கலாமா? என் பொண்ணு கூப்பிடறா." பார்லர்க்காவுக்குப் பதில் தலைகீழ்ப் பாடம். எழுதுவதற்கு விரலை வைத்தாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எந்த டேப்பை ஓரத்தில் ஒட்டவேண்டும், எவ்வளவு நேரம் முன்னால் ஒட்டவேண்டும், முதல்நாள் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்கலாம். எல்லாம் சரியாகவே இருந்தது.

அவள் ஒன்றே ஒன்று சேர்த்தாள். "முதல் நாள் இடுப்பளவு தண்ணியில நில்லுங்க. பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கோங்க."

அனுப்பிவிட்டு டிஸ்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முன்னறைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். வெளியே இரண்டு பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.